காலை ஐந்து மணிக்கு முனகிய கார்

எங்கள் வீட்டில் போன மார்கழி முழுக்க யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. காலை ஐந்து மணிக்கு நான் காரை ஸ்ரார்ட் பண்ணி, பின்னால் எடுத்து, ஸ்ரியரிங்கை வளைப்பேன். உடனே கன்று ஈனப்போகும் பசுமாடு மாதிரி ஒரு முனகல் எழும்பும். மேலே படுக்கையறையில் மனைவி எழும்பி விடுவார், பிள்ளைகளையும் எழுப்புவார். பக்கத்து வீட்டுச் சீனத்துப் பெரியவரும் எழும்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்காபரோவில் குளிரைப் பற்றி எழுதினால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், எட்மன்ரனில் இருப்பவர்கள் அதைவிடச் சிரிப்பார்கள். ஆனாலும் மைனஸ் 22 பாகை என்பது 2007ஆம் ஆண்டுக் கார் ஒன்றுக்குச் சின்ன விசயமில்லை. முதல்நாள் ஸ்ரியரிங் அசைய மறுத்தபோது சில்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பனிக்கட்டி இறுகியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இங்கே அது வழக்கம். ஓடும்போது தெறிக்கிற உப்புச்சேறு சில்லுக்குப் பின்னால் கட்டியாகச் சேர்ந்து, இரவு உறைந்து, காலையில் சில்லைத் திரும்ப விடாது. சப்பாத்துக் குதியால் நாலு உதை விட்டால் கறுத்த கட்டியாக விழும். உதைத்தேன், விழுந்தது. திரும்பி ஏறிப் பார்த்தால் அதே இறுக்கம், அதே முனகல். துலாக் கொடியைத் தனி ஆளாக இழுத்துத் தண்ணீர் அள்ளியவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும். கை வலிப்பதைவிட, இது ஏதோ சரியில்லை என்ற பயம்தான் கூட.

பத்து நிமிடம் ஓடி, 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவு வருவதற்குள் எல்லாம் சரியாகி விடும். ஒற்றை விரலால் திருப்பலாம். பின்னேரம் வேலை முடிந்து வரும்போது திரும்பவும் முதலில் இருந்து.

மூன்றாம் கிழமை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோன நேரம் மத்தியானம், கார் ஏற்கெனவே சூடு. அவர்கள் பார்க்கும்போது ஸ்ரியரிங் வெண்ணெய் மாதிரித் திரும்பியது. வைத்தியரிடம் போனவுடன் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி. இருந்தாலும் பம்பும் றாக்கும் இரண்டையும் மாற்றவேண்டும், 1,400 டொலர் முடியும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். கார் விற்றால் வரும் விலையில் அது பாதி. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தாளை நான் காட்டியது எங்கள் கோயிலில் பழக்கமான ஓர் அண்ணைக்கு. யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களுக்கும் மொரிஸ் மைனர்களுக்கும் கீழே படுத்தே வளர்ந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போன காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட வைத்த கூட்டத்தில் ஒருவர். இங்கே வந்து முப்பது வருசமாகக் கார் திருத்தி, இப்போது ஓய்வு. தாளைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, வெளிக்கிட்டு எத்தினை நிமிசத்தில சரி வருது?"

"ஒரு பத்து நிமிசம், அண்ணை."

"சத்தம்?"

"மாடு முக்கிறமாதிரி. ஸ்ரியரிங் சரிவரேக்க சத்தமும் நிண்டிடும்."

"கீழ எண்ணெய் சொட்டிக் கிடக்கோ?"

"இல்லை. வெள்ளைப் பனியில சொட்டியிருந்தா நல்லாத் தெரியுமே."

"முனகேக்குள்ள மூடியைத் திறந்து பாத்தனீரோ? நுரை இருக்கோ?"

நான் பார்க்கவில்லை. அவர் அதோடு கதையை நிறுத்திவிட்டு, கோயில் வாசலில் சுண்டல் வாங்கப் போய்விட்டார். அடுத்தநாள் காலையில் முனகிக்கொண்டிருக்கும்போதே பொனற்றைத் திறந்து, பவர் ஸ்ரியரிங் எண்ணெய்க் குப்பியின் மூடியைக் கழற்றி, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். நிலக்கடலைப் பால் நிறத்தில் நுரை.

இந்த இடத்தில் கொஞ்சம் உள்ளே போகவேண்டும். எனக்கும் அதுவரை இது தெரியாது.

பழைய வகை, அதாவது எண்ணெயில் இயங்கும் பவர் ஸ்ரியரிங்கில் ஒரு பம்ப் இருக்கிறது. எஞ்சின் சுழல, பெல்ற் அதைச் சுழற்றும். நீங்கள் ஸ்ரியரிங்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் வளைக்கும்போது உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய உருக்குக் கம்பி கொஞ்சம் முறுகும். அந்த முறுக்கில் ஒரு வால்வு திறந்து, சில்லைத் திருப்பும் சட்டமான றாக்குக்குள் இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும். சில்லைத் திருப்புவது பெரும்பாலும் அந்த எண்ணெய்தான், நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள், அவ்வளவே. 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து, எண்ணெயின் அழுத்தம் சில்லைத் திருப்ப உதவுவதுதான் அடிப்படை.

எண்ணெய் அமுங்காது. அதனால்தான் அது பலம் காட்டுகிறது. காற்று அமுங்கும். எண்ணெயோடு காற்றுக் குமிழிகள் கலந்துவிட்டால் பம்ப் எவ்வளவு மிதித்தாலும் பஞ்சுத் தலையணையை மிதிப்பது போலத்தான். முனகல் என்பது குமிழிகள் பம்புக்குள் நசிந்து உடைகிற சத்தம்.

இப்போது குளிருக்கு வருவோம். எங்கள் சமையலறையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வருடத்தில் முக்கால்வாசி நாளும் வெள்ளைக் கட்டியாகத்தான் நிற்கும். பவர் ஸ்ரியரிங் எண்ணெய் அப்படிக் கட்டியாகாது, ஆனால் தடிக்கும். பல கார்களில் ஊற்றுவது தானியங்கிக் கியர்பெட்டிக்கான அதே சிவப்பு எண்ணெய். டெக்ஸ்ரன் 3 என்ற தரத்தில் அது மைனஸ் 40இல் 20,000 சென்ரிபொய்ஸ் வரை தடிக்கலாம் என்று அனுமதி. அறை வெப்பத்தில் தண்ணீர் 1, தேன் சில ஆயிரம். அந்தக் கணக்கில் பார்த்தால் புத்தம்புதிய எண்ணெயே தேனுக்கும் மேலே. (மைனஸ் 40இல் மட்டும் செல்சியசும் பரனைற்றும் ஒன்று, அமெரிக்காவில் இருக்கும் மச்சானோடு குளிர்ச் சண்டை பிடிக்க உகந்த ஒரே எண்.) பழைய எண்ணெய், பத்துப் பன்னிரண்டு வருசம் கொதித்துக் கறுத்தது, இன்னும் மோசம்.

இந்தத் தடித்த எண்ணெயைக் குப்பியிலிருந்து பம்புக்குள் தள்ளுவதற்கு வளிமண்டல அழுத்தத்தை விட்டால் வேறு ஆள் இல்லை. சர்பத் குடிக்கிற குழாயால் தேனை உறிஞ்சிப் பாருங்கள், பம்பின் கஷ்டம் விளங்கும். எண்ணெய் வரத் தாமதிக்கும் இடத்தில் வெறுமை உண்டாகும். அந்த வெறுமை எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடும். குப்பியிலிருந்து பம்புக்கு வருகிற குழாயின் பொருத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, சின்ன விரலில் போடும் மோதிரம் அளவு. அது வயதாகித் தட்டையாகி, குளிரில் இன்னும் இறுகிச் சுருங்கினால், அந்த மயிரிழை இடைவெளியால் காற்று உள்ளே போகும். எண்ணெய் வெளியே வராது, ஏனென்றால் அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். அண்ணை "கீழ சொட்டுதோ" என்று கேட்டதன் அர்த்தம் இதுதான். எண்ணெய் சொட்டாமல் நுரைத்தால் அவர் முதலில் சந்தேகப்படுவது வளையத்தை.

எஞ்சின் சூடாக, எண்ணெய் மெலியும், ரப்பரும் இளகிப் பொருந்தும். பத்து நிமிடத்தில் சுகம்.

ரப்பர் வளையம் குளிரில் இறுகும் என்பதை உலகத்துக்கே ஒருவர் மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறார். 1986 ஜனவரி 28இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்த பிறகு நடந்த விசாரணையில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த விண்ணோடத்தில் பாவித்த வளையத்தின் ரப்பர்த் துண்டை ஒரு குறட்டால் நசித்து, ஐஸ் தண்ணீர் நிரம்பிய கிளாசுக்குள் போட்டு எடுத்தார். நசிவு உடனே மீளவில்லை. அன்று நான் சின்னப் பொடியன், இந்த விசயம் எனக்கும் ஒருநாள் பயன்படும் என்று யார் கண்டது.

திருத்தினது ஒரு சனிக்கிழமை, அண்ணையின் மருமகன் வீட்டு கராஜில். உள்ளே சின்ன ஹீற்றர் ஒன்று எரிந்தது. முதல் வேலை குப்பியில் இருக்கிற எண்ணெயை உறிஞ்சி எடுப்பது. வான்கோழி வாட்டும்போது வடிகிற சாற்றை உறிஞ்சி மேலே ஊற்ற, ரப்பர்க் குமிழ் வைத்த நீளக் குழாய் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஒரே ஒரு நத்தாருக்குப் பாவித்தது. மனைவியைக் கேட்காமல் எடுத்துப் போனேன். அதைப் பற்றிப் பிறகு நடந்த உரையாடலை இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் தனியாக ஒன்று வாங்கி, அதில் பெரிதாக எழுதி வையுங்கள்.

வந்த எண்ணெய் பிளேன்ரீ நிறம். குப்பியின் அடியில் ஒரு வலைச்சல்லடை இருக்கிறது, பல கார்களில் இருக்கும். அது அடைபட்டாலும் இதே நோய் வரும் என்று அண்ணை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எங்களுடையது பரவாயில்லை. பிறகு பம்பின் வாய்ப்பொருத்தைப் பிடித்திருந்த இரண்டு பத்து மில்லிமீற்றர் போல்ற்றுகளைக் கழற்றினார். வளையம் வெளியே வந்தது. வட்டமாக இருக்கவேண்டிய அதன் உடம்பு சதுரமாகியிருந்தது. நகத்தால் அழுத்தினேன், நகம் பட்ட தழும்பு அப்படியே நின்றது.

"உம்மட ஆயிரத்து நானூறு டொலர் இதுதான் தம்பி," என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். புது வளையம் மூன்று டொலருக்கும் குறைவு.

புதியதை எண்ணெயில் தோய்த்துப் போட்டு, பொருத்தை இறுக்கி, குப்பியை நிரப்பினோம். இதற்கு அடுத்த வேலையைத்தான் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கித் தாங்கியில் இருத்தி, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல், ஸ்ரியரிங்கை ஒரு முடிவிலிருந்து மறு முடிவு வரை மெதுவாகப் பதினைந்து இருபது தரம் திருப்பவேண்டும். குப்பியில் குமிழிகள் கிளம்பி வரும், மட்டம் இறங்கும், மேலும் ஊற்றவேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்ரார்ட். காற்று உள்ளே இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டால் பம்ப் அதை அடித்து நுரையாக்கிவிடும், பிறகு அது அடங்க ஒரு இரவு காத்திருக்கவேண்டும்.

எண்ணெயையும் மாற்றினோம். குப்பியை மட்டும் உறிஞ்சி நிரப்பினால் முழு எண்ணெயில் ஒரு பங்குதான் மாறும், மீதி குழாய்களிலும் றாக்கிலும் இருக்கும். அவசரமில்லாதவர்கள் சில நாள் இடைவெளி விட்டு மூன்று நாலு தரம் இதையே செய்தால் போதும், ஒவ்வொரு முறையும் நிறம் வெளுக்கும். எந்த எண்ணெய் என்பதில் மட்டும் விளையாட வேண்டாம். மூடியிலேயே எழுதியிருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். ஹொண்டா தனக்கென்று ஓர் எண்ணெய் கேட்கும், பல ஐரோப்பியக் கார்கள் பச்சை நிறச் செயற்கை எண்ணெய் கேட்கும். அந்தப் பச்சை எண்ணெய் கடுங்குளிரிலும் மெல்லியதாக ஓடும் என்பது உண்மை. அதற்காகச் சிவப்புக் கேட்கும் காரில் பச்சையை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் என்ன சொல்லும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. "ஸ்ரியரிங் இறுக்கம் நீக்கும்" என்று போத்தலில் எழுதி விற்கும் மருந்துகளைப் பற்றி அண்ணையிடம் கேட்டேன். மூக்கைச் சுளித்தார். பழைய எண்ணெயை வடிகானில் ஊற்றாமல் போத்தலில் அடைத்து மாநகரசபையின் கழிவு சேகரிப்பு நிலையத்தில் கொடுத்தேன்.

வேலை முடிந்து இஞ்சித் தேநீர் குடிக்கும்போதுதான், ஏன் முதலில் நிமிசக் கணக்குக் கேட்டீர்கள் என்றேன். அவர் சொன்னதை என் பாசையில் எழுதுகிறேன். எல்லாரும் "இறுக்கம்" என்று ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். எப்போது இறுகுகிறது, எப்போது விடுகிறது என்று சொன்னால் பொனற்றைத் திறக்க முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்.

முனகி, பத்து நிமிடத்தில் விட்டால் எண்ணெய் அல்லது காற்று. முனகாமல் கிறீச்சென்று கத்தி, வளைக்கும் நேரம் மட்டும் கத்தினால் பெல்ற் வழுக்குகிறது. குளிரில் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும், தேய்ந்த பெல்ற் தடித்த எண்ணெயை இழுக்க மாட்டாமல் சறுக்கும். இதைத் தள்ளிப்போடக்கூடாது. பல கார்களில் அதே பெல்ற்தான் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஜெனறேற்றரையும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அது அறுந்தால் ஸ்ரியரிங் கனப்பது மட்டுமில்லை, எஞ்சினும் கொதிக்கும். ஓடும்போது திடீரென்று கனத்துப் போனால் பதறவேண்டாம், சில்லுக்கும் ஸ்ரியரிங்குக்கும் நடுவில் இரும்புத் தொடர்பு இருக்கிறது. இரண்டு கையாலும் பலமாகப் பிடித்துத் திருப்பி ஓரம் கட்டலாம்.

நாள் முழுக்க ஒரே சீராகக் கனத்தால், எந்தச் சத்தமும் இல்லாவிட்டால், முதலில் ரயர்களுக்குக் காற்று அடியுங்கள். வெப்பம் ஐந்தரைப் பாகை இறங்கினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ இறங்கும். புரட்டாதியில் 20 பாகையில் 33 அடித்தவர், மைனஸ் 20இல் 26இல் ஓடிக்கொண்டிருப்பார். சோம்பேறிகளான எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் அதிகம் நடக்கிறது, இதற்குச் செலவும் இல்லை.

சூடாகியும் விடாமல், ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகி, இளகி, திரும்ப இறுகினால், வளைவில் இருந்து வெளியே வரும்போது ஸ்ரியரிங் தானாக நேராகாவிட்டால், தண்டின் மூட்டைப் பாருங்கள். ஸ்ரியரிங் தண்டு கீழே றாக்கைச் சேருமிடத்தில் உள்ள சிலுவை மூட்டு அது. ஒன்ராறியோ வீதிகளில் கொட்டுகிற உப்பு அதைத் துருப்பிடிக்க வைக்கும். சில நேரம் ஊடுருவும் எண்ணெய் அடித்து இரண்டு நாள் விட்டால் இளகும், இல்லாவிட்டால் மாற்றவேண்டும். இதையும் தள்ளிப்போடக்கூடாது.

றாக்கே பழுதாவதும் உண்டு, கராஜ்காரர் சொன்னது முழுக்கக் கற்பனை இல்லை. 1980களில் வந்த ஜெனரல் மோட்டர்சின் முன்சில்லு இழுவைக் கார்கள் இதற்குப் பேர்போனவை. றாக்கின் அலுமினிய உறைக்குள் ரெஃப்லோன் வளையங்கள் பள்ளம் தோண்டிவிடும். குளிரில் அந்தப் பள்ளத்தால் எண்ணெய் நழுவும், சூடானால் வளையம் பருத்து அடைக்கும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் மசக்கை. காலையில் மட்டும் வருவதால். இதில் நுரை இருக்காது, பெரும்பாலும் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட இறுகும். அப்போது செலவுதான்.

புதுக் கார் வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் வாசித்துவிட்டுக் குப்பியைத் தேடினால் கிடைக்காது. 1988இல் சுசூக்கி ஒரு சின்னக் காரில் தொடங்கி வைத்த மின்மோட்டர் ஸ்ரியரிங்தான் இப்போது பெரும்பாலானவற்றில். அதற்கு எண்ணெய் இல்லை, பதிலாகப் பற்றரி. கடுங்குளிரில் பற்றரியின் பலம் பாதியை நெருங்கி விழும்போது, மோட்டருக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்காமல் ஸ்ரியரிங் கனத்து, மஞ்சள் விளக்கும் எரியலாம். ஐந்து வருசப் பற்றரியை முதலில் சோதியுங்கள்.

நிறைய நேரம் எஞ்சினைச் சூடாக்கினால் எல்லாம் சரிவரும் என்பவர்களுக்கு: ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா ஓடவிடுவதை மாநகரசபை விதி பொதுவாகத் தடுக்கிறது. அதைவிட, சும்மா நிற்கும்போது பவர் ஸ்ரியரிங் எண்ணெய் பெரிதாகச் சூடாகாது. வின்னிபெக் பக்கம் இரவில் செருகி வைக்கிற எஞ்சின் ஹீற்றரும் எஞ்சினைத்தான் சூடாக்கும். ஸ்ரார்ட் பண்ணி, கண்ணாடி சுரண்டி முடித்து, மெதுவாக ஓடத் தொடங்குவதுதான் வழி. இரவு நிறுத்தும்போதே சில்லை நேராக விட்டு, வெளியே போகும் பக்கம் முகம் பார்க்க நிறுத்தினால் காலையில் வளைக்கவே வேண்டியதில்லை.

அண்ணை காசு வாங்கவில்லை. தன்னை வீட்டில் இறக்கிவிடச் சொன்னார். அவர் வீட்டு வாசலில் நிறுத்த, நின்ற இடத்திலேயே ஸ்ரியரிங்கை முழுக்க ஒடித்தேன். கையைப் பிடித்தார்.

"இந்தப் பழக்கத்தை விடும். ஏ40ல இப்பிடித் திருப்பினா தோள்மூட்டுக் கழண்டிடும். அதுக்குத்தான் அவ்வளவு பெரிய வளையம் வைச்சவன், எண்டாலும் ஒரு அடியாவது உருள விட்டுத்தான் திருப்புவம். பம்ப் இருக்கெண்டு அதைச் சாக்கொல்லாதையும்."

முடிவுவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டே நிற்கும்போதுதான் பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் மூச்சுமுட்டி நிற்கிறது, எண்ணெய் அங்கேதான் கொதித்துக் கறுக்கிறது என்று இறங்கும்போது சொன்னார். முடிவைத் தொட்டவுடன் ஒரு நூலளவு பின்னால் விட்டால் போதுமாம்.

திங்கள் காலை மைனஸ் 17. ஸ்ரார்ட் பண்ணினேன். ஒரு அடி உருளவிட்டு வளைத்தேன். கொஞ்சம் கனம் இருந்தது, அது குளிருக்கு உரியது, ஆனால் சத்தம் இல்லை. பொனற்றைத் திறந்து பார்த்தேன், எண்ணெய் சிவப்பாக, கண்ணாடி மாதிரி. சந்தோசத்தில் ரிம் ஹோர்ட்டன்சில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஏழரை மணிக்குத் தொலைபேசி.

"இஞ்சரப்பா, நீங்கள் இண்டைக்கு வேலைக்குப் போனனீங்களோ இல்லையோ? சத்தமே கேக்கேல்லை. நான் இப்பத்தான் எழும்பினனான். பிள்ளையளின்ர பஸ் போட்டுது."